கனசாவா விருந்தில் தெரியாததைச் சாப்பிட்டே ஆக வேண்டுமா?

கேள்வி, 9 டிசம்பர் 2023

அடுத்த ஏப்ரலில் அலுவலகக் குழுவோடு ஜப்பான் போகிறேன். பதினொரு பேர். கடைசி நாள் இரவு பாரம்பரிய விருந்து என்று பயணத் திட்டத்தில் போட்டிருக்கிறார்கள். நான் மீன், கோழி சாப்பிடுவேன். ஆனால் பச்சை மீனை நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் ஒருவன் மட்டும் தொடாமல் வைத்தால் அவமரியாதையா? என்னவென்றே தெரியாததை எப்படி வாயில் வைப்பது? போய்வந்தவர்கள் சொல்லவும்.

10 டிசம்பர் 2023

போய்வந்து ஒரு மாதம் ஆகவில்லை. நானே தொடங்குகிறேன்.

பச்சை மீனை நினைத்து நீங்கள் பயப்படுவது வீண். எங்களுக்கு வந்த கிண்ணங்களில் பச்சை மீன்தான் சாது.

நாங்கள் ஒன்பது பேர். நானும் மனைவியும் தூத்துக்குடி. கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும்; இருவரும் சுத்த சைவம். காரைக்குடி ஆச்சி ஒருவர், எழுபத்தெட்டு வயது, பேத்தியோடு. மதுரையிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடி. சென்னையிலிருந்து தனியாக வந்த பல் மருத்துவர். நவம்பர் 18ஆம் தேதி இரவு, கனசாவா நகரத்தில் பாய் விரித்த அறை. மண்டியிட்டுத்தான் உட்கார வேண்டுமோ என்று பயந்தோம். சம்மணம் போடலாம் என்று வழிகாட்டிப் பெண் சொன்னதும் வாத்தியார் பந்தியில் உட்காருவதுபோல ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். அந்த அறையிலேயே நிம்மதியாக இருந்தவர் அவர்தான் என்று அப்போது நினைத்தேன்.

முதல் கிண்ணம். புளிப்பான சாற்றில் வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக ஒரு வஸ்து. ஆட்டு மூளை என்று நினைத்தேன். மூளை எனக்குப் பழக்கம். எடுத்து வாயில் போட்டேன். மெல்லிய தோல் உடைந்து உள்ளே பாலாடை மாதிரி பரவியது. ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் விழுங்கிய பிறகும் வாயை விட்டுப் போகவில்லை. மதுரைத் தம்பி தன்னுடையதை முடித்து, மனைவி தொடாமல் வைத்ததையும் முடித்த பிறகுதான் இது என்னவென்று கேட்டார். ஷிராகோ என்றார் வழிகாட்டி. வெள்ளைப் பிள்ளைகள் என்று பொருளாம். என்ன பிள்ளைகள் என்று மறுபடி கேட்டோம். ஆண் மீனின் விந்துப்பை. புது மாப்பிள்ளை முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பெண் நண்டு. அந்த ஊரில் கோபாகோ என்கிறார்கள். நவம்பர் 6இல் தொடங்கி டிசம்பர் கடைசி வரைதான் பிடிக்கலாம். நாங்கள் போனது சரியான பருவம். உள்ளங்கை அளவு நண்டு. காலிலிருந்து சதையை யாரோ ஒருவர் முழுக்க எடுத்து, ஓட்டுக்குள் அடுக்கி, ஆரஞ்சு நிறச் சினையை மேலே வைத்திருந்தார். வெளிமுட்டை பல்லில் பட்டு உடைகிறது. அருமை. ஆனால் நண்டைக் கடிக்காமல், உறிஞ்சாமல், விரலில் சாறு வழியாமல் சாப்பிட்டது அடுத்தவன் சம்பாத்தியத்தைத் தின்றதுபோல இருந்தது.

மூன்றாவது பச்சை மீன், கூடவே தித்திப்பான பச்சை இறால். சொன்னேனே, சாது.

நான்காவது கிண்ணம் விரலளவு. உள்ளே பழுப்பு நூல் நூலாக ஏதோ உப்பில் ஊறிக் கிடந்தது. கடல் அட்டையின் குடல். கோனோவாத்தா என்று பெயர்; கனசாவாவுக்கு வடக்கே நோத்தோ தீபகற்பத்தில் நானாவோ பக்கத்துச் சரக்கு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது விளங்கும். கடல் அட்டையைப் பிடிப்பது 2001இலிருந்து நம் நாட்டில் குற்றம். மூட்டை மூட்டையாகப் பறிமுதல் என்று மாதம் ஒரு செய்தி வரும். கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். கடலையே ஒரு சொட்டாகச் சுண்டக் காய்ச்சினால் வரும் ருசி.

பிறகு ஜிபுனி. மாவு தோய்த்த வாத்துக் கறி, கோதுமைப் பசையத்தில் செய்த ஒரு பட்டை, கெட்டிச் சாறு. கனசாவாவின் பெருமை. அதற்குப் பிறகு துருவி ஆவியில் வைத்த தாமரைக் கிழங்கு. கடைசியாகச் சோறு, மிசோ என்ற சோயா விழுதில் செய்த சூப், ஊறுகாய். ஆம், சோறு கடைசியில்தான். தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்களாக வந்துகொண்டே இருக்கின்றன, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று வாத்தியார் இரண்டு முறை சொன்னார். அவர்கள் இருவருக்கும் கீரை, எள்ளில் செய்த தோஃபு, பஜ்ஜி மாதிரியான காய்கறி தெம்புரா, தெளிந்த சூப் என்று தனியாக வைத்தார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள்.

நான் எல்லாவற்றையும் காலி செய்தேன். அவமரியாதை என்ற பேச்சே எழவில்லை. பயப்படாமல் போங்கள்.

10 டிசம்பர், இரவு

மேலே எழுதியதை மனைவி படித்தார். "ஏழாவது கிண்ணம் எங்கே?" என்று கேட்டார். "எட்டாவதையும் காணோமே. சோறு ஒன்பதாவதாகத்தானே வந்தது?"

எட்டாவதைத் தனியாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். ஏழாவதை எழுதாததற்குக் காரணம், அதை நான் சாப்பிடவில்லை. ஆகவே "எல்லாவற்றையும் காலி செய்தேன்" என்பதை அடித்துப் படிக்கவும்.

12 டிசம்பர் 2023

ஏழாவது கிண்ணம்.

பச்சையாகத் துருவிய மலைக்கிழங்கு. நம் வள்ளிக்கிழங்கின் உறவுதான். துருவினால் வெள்ளையாக, சளசளவென்று, ஊற்றினால் அறுபடாமல் இழுத்துக்கொண்டு வரும். அதன்மேல் வெண்டைக்காயை நட்சத்திர வடிவில் நறுக்கிப் போட்டிருந்தார்கள். லேசாக வெந்நீர் காட்டிய வெண்டைக்காய். கொழகொழப்பின்மேல் கொழகொழப்பு.

பெயர் தெரியாததாக இருந்தால்கூட ஒரு கை பார்த்திருப்பேன். வெண்டைக்காய் எனக்குத் தெரியும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் வெண்டைக்காயைக் கழுவித் துணியால் ஒற்றி ஒற்றிக் காயவைத்து, நறுக்கும்போது கத்தியில் ஈரம் படாமல் பார்த்து, வதக்கும்போது ஒரு கரண்டி மோரோ புளித்தண்ணீரோ தெளித்து, இத்தனையும் எதற்கு? அந்த வழவழப்பு ஒழிய வேண்டும் என்பதற்கு. அங்கே அந்த வழவழப்புக்காகவே வெண்டைக்காயைச் சாப்பிடுகிறார்கள். அதைப் புகழ ஒரு சொல்லும் வைத்திருக்கிறார்கள்: நெபநெப. நாட்டோ என்ற சோயா, இந்தக் கிழங்கு, வெண்டை, ஒருவகைக் கடற்பாசி, எல்லாம் நெபநெப வகை. உடம்புக்கு நல்லது என்று விளம்பரமே செய்கிறார்கள்.

நம்மிடம் அதே சொல் வசவு. முடிவு சொல்லாமல் பேசுகிறவனை வழவழா கொழகொழா என்கிறோம். மொறுமொறு என்றால் நாக்கில் நீர் ஊறுகிறது, பொலபொல என்றால் புட்டு ஞாபகம் வருகிறது, சொதசொத என்றால் தட்டை ஒதுக்குகிறோம். அவர்களுக்கும் மொறுமொறுவுக்கு சாகுசாகு என்று ஒன்று இருக்கிறது. நறுக்கென்று கடிபடும் காய்க்கு ஷாகிஷாகி. இரட்டைக் கிளவியில் நமக்கு ஈடாக நிற்கக்கூடிய ஆட்கள். ஒரே ஒரு சொல்லில்தான் இரண்டு வீட்டுக்கும் சண்டை.

பல் மருத்துவர் அன்று சொன்னது: "சார், இன்று பாதிக் கிண்ணத்தில் பல்லுக்கு வேலையே இல்லை." அதுதான் விஷயம். உப்பு, புளிப்பு, மீன் வாடை எதுவும் எங்களை மிரட்டவில்லை. கடிக்க ஒன்றும் இல்லாமல் தானாகத் தொண்டைக்குள் இறங்கியதுதான் மிரட்டியது. ஷிராகோவும் அப்படித்தான். பச்சை மீனுக்காவது சதை இருக்கிறது.

12 டிசம்பர், சற்று கழித்து

கொன்னியாக்கு என்று சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி, அசைத்தால் ஆடும். அது நம் சேனைக்கிழங்குக் குடும்பம். மாவாக்கி, சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு இறுக வைக்கிறார்கள். நாம் சேனையின் நமைச்சலுக்குப் புளி போடுகிறோம், அவர்கள் சுண்ணாம்பு போட்டு ஒரு ரப்பர் செய்துவிட்டார்கள். கும்மா மாகாணத்தில்தான் பெரும்பகுதி விளைகிறதாம். ஆச்சிக்கு மிகவும் பிடித்தது. பல் செட்டோடு அதைக் கடித்தார் என்பதை ஒரு பல் மருத்துவர் முன்னிலையில் பதிவு செய்கிறேன்.

13 டிசம்பர் 2023

மறுப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

நிகதே தெசு. இதை மனப்பாடம் செய்யுங்கள். பிடிக்காது என்று பொருள் இல்லை. அதில் நான் கொஞ்சம் பலவீனம் என்ற மாதிரி. நம் "ஒத்துக்கொள்ளாது" இருக்கிறதே, கிட்டத்தட்ட அது. கல்யாண வீட்டில் யாராவது இலையில் இன்னொரு ஜாங்கிரி வைக்க வந்தால் "வேண்டாம், பிடிக்காது" என்றா சொல்வோம்? "ஒத்துக்கொள்ளாது அண்ணாச்சி" என்றால் வைப்பவருக்கும் குறையில்லை, ஜாங்கிரிக்கும் குறையில்லை.

ஆனால் இதை மேஜையில் சொல்வதைவிட முன்கூட்டிச் சொல்வது நல்லது. இத்தகைய விருந்துக்கு அன்றைக்கு முடிவெடுத்துச் சமைப்பதில்லை. எத்தனை பேர், யாருக்கு என்ன ஆகாது என்பதை முந்தைய நாட்களிலேயே சமையல்கட்டுக்குத் தெரிவித்துவிட வேண்டும். உட்கார்ந்த பிறகு "எனக்கு மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்றால் அவர்கள் தவித்துப்போகிறார்கள். தொடாமல் வைத்தால் யாரும் முறைக்க மாட்டார்கள். என் ஏழாவது கிண்ணத்தைப் பரிமாறிய அம்மாள் சிரித்த முகத்தோடுதான் எடுத்துப் போனார். அதில் கிளறிவிட்டுச் சாப்பிட்டதுபோலக் காட்டிய தடயம் இருந்தது, அதையும் பார்த்திருப்பார்.

15 டிசம்பர் 2023

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "சைவத் தம்பதிக்குக் கொடுத்த தெளிந்த சூப் எதில் செய்தது?"

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஜப்பானில் சூப், கீரை, தாமரைக் கிழங்கு, தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, எல்லாவற்றுக்கும் அடியில் தாஷி என்ற ஒரு சாறு இருக்கிறது. கொம்பு என்ற கடற்பாசி பாதி, காட்சுவோபுஷி என்ற உலர்மீன் பாதி. கண்ணுக்கு மீன் துண்டு எதுவும் தெரியாது. சைவம் என்று சொல்லியனுப்பினால் மீனையும் கறியையும் எடுத்துவிடுவார்கள். சாறு அப்படியே இருக்கும். அவர்களைப் பொறுத்தவரை அது தண்ணீர் மாதிரி. தண்ணீரை யாராவது அசைவம் என்று சொல்வார்களா?

அந்தக் கொம்பிலிருந்துதான் இக்கெதா கிகுனே என்ற வேதியியல் பேராசிரியர் 1908இல் ஐந்தாவது சுவையைக் கண்டுபிடித்து உமாமி என்று பெயர் வைத்தார். நம் ஆறு சுவையில் அதற்கு இடம் இல்லை.

காட்சுவோபுஷியைப் பற்றி ஒரு தூத்துக்குடிக்காரன் சொல்லாமல் இருக்க முடியாது. சூரை மீனை வேகவைத்து, புகையில் காட்டி, கட்டை மாதிரி உலர்த்துகிறார்கள். உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கவைத்து வெயிலில் போட்டு, மறுபடி பூஞ்சணம், மறுபடி வெயில். பிறகு தச்சர் இழைப்புளி போன்ற ஒன்றில் சீவுகிறார்கள். பூஞ்சணத்தை மட்டும் நீக்கிவிட்டால் இது எது? நம் மாசி! மாலத்தீவு மாசி, மினிக்காய் மாசி, இலங்கையில் சம்பலில் இடித்துப் போடுகிற அதே மாசிக் கருவாடு. அவர்கள் சீவுகிறார்கள், நாம் இடிக்கிறோம்.

சைவத் தம்பதி விஷயம் எங்களுக்கு மறுநாள் வேனில் போகும்போதுதான் தெரிந்தது. வழிகாட்டி பேச்சுவாக்கில் சொன்னார். அப்போது அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என்ன செய்ய?

சுத்த சைவர்களுக்கு வழி இருக்கிறது. சோஜின் என்று புத்த மடங்களின் சமையல். கொம்பும் உலர்ந்த காளானும் மட்டும் போட்ட சாறு. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. கோயாசான் மலையில் மடங்களிலேயே தங்கி இதைச் சாப்பிடலாம். கனசாவாவுக்குத் தெற்கே ஃபுகுயி மாகாணத்தில் 1244இல் தொடங்கிய எய்ஹெய்ஜி மடம் இருக்கிறது. "சைவம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், "மீன் தாஷியும் வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

16 டிசம்பர் 2023

குச்சி பிடிக்கத் தெரியாவிட்டால் குடி முழுகிப்போகாது. கரண்டி கேட்டால் தருவார்கள். ஒன்றே ஒன்று செய்யாதீர்கள்.

வாத்தியார் மனைவி தாமரைக் கிழங்கை என் மனைவிக்கு ருசி காட்ட வேண்டும் என்று குச்சியால் எடுத்து நீட்டினார். என் மனைவி தன் குச்சியால் வாங்கப் போனார். வழிகாட்டிப் பெண் சட்டென்று நடுவில் ஒரு தட்டை நீட்டிவிட்டார். சிரித்துக்கொண்டேதான். பிறகு காதோடு சொன்னார்: உடலை எரித்த பிறகு உறவினர்கள் எலும்பை எடுப்பார்கள், அப்போதுதான் குச்சியிலிருந்து குச்சிக்கு மாற்றுவது. சோற்றில் குச்சியைக் குத்தி நிறுத்துவதும் இறந்தவருக்குப் படைக்கும்போதுதான்.

என் மனைவி குச்சியைக் கீழே வைத்துவிட்டார். மாமனாருக்கு எலும்பு பொறுக்கிய நாள் ஞாபகத்துக்கு வந்திருக்கும், வேறொன்றும் கேட்கவில்லை. அன்று மீதி விருந்தைக் கரண்டியால் சாப்பிட்டார்.

19 டிசம்பர் 2023

எட்டாவது கிண்ணம். பலர் கேட்டும் தள்ளிப்போட்டேன்.

பேத்தை மீன் தெரியும்தானே? பந்துபோல ஊதிக்கொள்ளும். எங்கள் பக்கம் வலையில் ஏறினால் கரையிலேயே வீசிவிடுவார்கள். காகம்கூடத் தொடாது என்பார்கள். விஷம் ஈரலிலும் சினையிலும் அதிகம். முறிவு மருந்து கிடையாது. ஜப்பானில் அதை அறுக்க உரிமம் வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பதினாறாம் நூற்றாண்டில் ஹிதேயோஷி என்ற ஆட்சியாளர் காலத்தில் தடை போட்டார்கள். 1888இல் ஜப்பானின் முதல் பிரதமரான இத்தோ ஹிரோபுமி சாப்பிட்டுப் பார்த்து யமகுச்சி மாகாணத்தில் தடையை நீக்கவைத்தார்.

எங்கள் கிண்ணத்தில் வந்தது அதன் சதை இல்லை. சினை. கனசாவா இருக்கும் இஷிகாவா மாகாணத்தின் தனிச்சரக்கு. ஒரு வருடத்துக்கு மேல் உப்பில் போட்டு, பிறகு அரிசித் தவிட்டில் புதைத்து இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் வைக்கிறார்கள். விஷம் இறங்கிவிடுகிறது. எப்படி இறங்குகிறது என்பதை அறிவியலே இன்னும் முழுதாகத் தீர்த்துச் சொல்லவில்லை. விற்பதற்கு முன் சோதனை செய்கிறார்கள். தாஷி சாற்றைவிடச் சோதிக்கப்பட்ட சரக்கு என்று பல் மருத்துவர் தைரியம் சொன்னார். ஆனால் அவர் சாப்பிடவில்லை.

மெல்லிய துண்டு, முள்ளங்கிச் சீவல் ஒன்றின்மேல். அறையில் பேச்சே இல்லை. ஆச்சி எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"ஞப்பிக்கு முன்னால் இது எம்மாத்திரம்" என்றார். ஞப்பி என்பது பர்மாக்காரர்களின் புளித்த மீன் விழுது. ஆச்சியின் அப்பா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். பர்மாவிலிருந்து திரும்பிய பிறகும் அந்த வீட்டில் ஞப்பி ஜாடி இருந்ததாம். "கொஞ்சம் உப்புக் கூடுதல். பழைய சோறு இருந்தால் இரண்டு உருண்டை இறங்கும்."

அதற்குப் பிறகு நானும் சாப்பிட்டேன். கருவாட்டுக்கும் பழைய ஊறுகாய்க்கும் நடுவில் ஏதோ ஒன்று. ஆச்சி சொன்னது சரி, சோறு இல்லாமல் கொடுத்ததுதான் பிழை. கால் மரத்துப் போகிறதா என்று நடுராத்திரி வரை கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்துத்தான் போயிருந்தது, சம்மணம் போட்டதால்.

20 டிசம்பர் 2023

வசாபி என்ற பச்சை நிறக் கார விழுதைச் சட்னி என்று நினைத்து அள்ளிப் போட்டவர்கள் கதை வேண்டாம். எல்லோரும் எழுதியாகிவிட்டது. இன்னொருவர் பச்சை மீனில் புழு பற்றிக் கேட்டிருக்கிறார். அனிசாகிஸ் என்று ஒன்று உண்டு. கழித்தல் 20 டிகிரியில் 24 மணிநேரம் உறையவைத்தால் சாகும். சாப்பிட்ட சில மணிநேரத்தில் தாங்கமுடியாத வயிற்றுவலி வந்தால் வீம்பு பிடிக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஓமத்தண்ணீர் உதவாது.

22 டிசம்பர் 2023

15ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். ஒரு வாரமாக உறுத்துகிறது.

சூப்பில் மீன்சாறு இருப்பது மறுநாள் வேனில் தெரிந்தது என்று எழுதினேன். வழிகாட்டி வேனில் சொன்னது உண்மை. ஆனால் எனக்கு அதற்கு முன்பே தெரியும். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோன அந்த நொடியே தெரியும். மாசி வாடையில் வளர்ந்தவன் நான். அம்மா வாரத்துக்கு இரண்டு நாள் மாசி இடிப்பார். சின்ன வெங்காயம், வற்றல் மிளகாய், தேங்காய் சேர்த்து அம்மியில் வைக்கும்போது தெருமுனைக்கு வரும். அந்த வாடையை ஆயிரம் மைல் தாண்டி ஒரு மரக்கிண்ணத்தில் எனக்குத் தெரியாமல் போகுமா?

எதிரே வாத்தியார். ஆறு நாளாகப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் வெள்ளைச் சோறும் சாப்பிட்டு வந்தவர். அந்த மனிதர் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, "தம்பி, இந்த ஊருக்கு வந்து இன்றுதான் வயிறு குளிர்ந்தது. ரசம் மாதிரி இருக்கிறது" என்றார். அவர் மனைவி தன்னுடையதில் பாதியை அவருக்கு ஊற்றினார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தெரியும். சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிச்சயமாகத் தெரியும். அவர் இரண்டாவது கிண்ணம் கேட்டபோது நான்தான் வழிகாட்டியிடம் எடுத்துச் சொன்னேன்.

தெரியாததைச் சாப்பிடுவது பற்றிப் பத்து நாளாக நான் உங்களுக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கிறேன்.

22 டிசம்பர், இரவு

இரண்டு பேர் கடுமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் "தெரியாமல் சாப்பிட்டால் பாவம் இல்லை" என்கிறார். சாப்பிட்டவருக்கு இல்லை, சரி. பக்கத்தில் தெரிந்து உட்கார்ந்திருந்தவனுக்கு?

24 டிசம்பர் 2023

கோயம்புத்தூருக்குத் தொலைபேசியில் பேசினேன். நலம் விசாரித்து, பேரன் பேத்தி எல்லாம் விசாரித்து, நேற்று பெய்த மழையையும் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தேன். அந்த சூப்பில் மீன்சாறு இருந்தது ஐயா, எனக்கு அன்றே தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"முதல் கிண்ணத்தில் எனக்குத் தெரியாது தம்பி" என்றார். "இரண்டாவது கிண்ணத்தில் சந்தேகம் வந்தது. காய்கறியில் அவ்வளவு ருசி வராது. நாற்பது வருடம் தாவரவியல் நடத்தியவனுக்கு அதுகூடத் தெரியாதா? உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் வேறு எங்கோ பார்த்தீர்கள். கேட்டால் சொல்லிவிடுவீர்கள் என்றுதான் கேட்கவில்லை."

மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் வேண்டாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டில் அவளுக்குத் தெரிய வேண்டாம். ஊருக்கு வந்ததிலிருந்து அந்த மாதிரி ஒரு ரசம் வைக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறாள். கடற்பாசி கிடைக்காமல் முருங்கைக்கீரையைப் போட்டுப் பார்க்கிறாள்" என்றார்.

கொம்பும் உலர்ந்த ஷிடாக்கே காளானும் வாங்கி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். சென்னையில் கிடைக்கிறது என்கிறார் பல் மருத்துவர்.

2 ஜனவரி 2024

நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் தொலைக்காட்சியில் பார்த்தோம். நோத்தோ தீபகற்பத்தில் பெரிய நிலநடுக்கம், ரிக்டர் என்று ஏதேதோ சொன்னார்கள். ஜப்பான் வானிலை அமைப்பின் கணக்கில் 7.6. அவர்கள் நேரம் மாலை 4.10, புத்தாண்டு நாள், எல்லோரும் சொந்த ஊருக்கு வந்திருக்கும் நேரம். அங்குள்ள வாஜிமா நகரத்தில் தீ. காலைச் சந்தை நடக்கும் தெரு எரிகிறது.

விருந்துக்கு மறுநாள் நாங்கள் வேனில் போனது அந்தத் தெருவுக்குத்தான். இதை எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கடைக்காரர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். கருவாடு, கடற்பாசி, ஊறுகாய், அரக்குப் பூசிய குச்சிகள். எங்கள் ஊர் மீன் ஏலக்கூடம் அளவுக்குச் சத்தம் இல்லை. "வாங்க வாங்க" என்று மென்மையாகக் கூப்பிடுவார்கள். ஒரு பாட்டி சின்னத் தட்டில் பழுப்பு நீரை ஊற்றி என்னிடம் நீட்டினார். இஷிரு. மத்தி போன்ற மீன்களை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்தது. கிழக்குக் கரையில் கணவாயின் குடலில் செய்வார்கள், அதற்கு இஷிரி என்று பெயர். நான் நக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளிக்காமல் தலையாட்டியதும் பாட்டிக்கு ஒரே சந்தோஷம். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். வெளிநாட்டுக்காரர்கள் ஓடிவிடுவார்கள், நீங்கள் ஓடவில்லை என்கிறார் என்று வழிகாட்டி சொன்னார். ஒரு குப்பி வாங்கினேன். வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். அந்த வேட்டியை இன்னும் யாரும் கட்டவில்லை.

வழிகாட்டிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

4 ஜனவரி 2024

பதில் வந்தது. கனசாவாவில் அவர் வீட்டில் அலமாரி சாய்ந்து பாத்திரங்கள் உடைந்தன, ஆட்கள் பத்திரம். வாஜிமா பற்றி ஒன்றும் எழுதவில்லை. சந்தைத் தெருவைச் சுற்றிச் சுமார் 200 கட்டடங்கள் எரிந்ததாகச் செய்தி.

ஆச்சியின் பேத்தி, மதுரைத் தம்பி, எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டார்கள். என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஷிராகோவைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம்.

9 பிப்ரவரி 2024

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, கடைசியில் என்னதான் செய்வது என்று கேட்கிறார். நியாயம்தான், நாங்கள் எங்கெங்கோ போய்விட்டோம். ஒத்துக்கொள்ளாதவற்றைப் பட்டியலிட்டு இப்போதே அனுப்பிவிடுங்கள். உங்கள் குழுவில் சைவம் யார் என்று கேட்டு அவர்களுக்கும் சேர்த்து அனுப்புங்கள், தாஷி உட்பட. பொடி எடுத்துப் போங்கள், ஆனால் விருந்து அறையில் திறக்காதீர்கள். சோறு கடைசியில்தான் வரும்.

இன்னொன்று. டிசம்பரில் இஷிருவைக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பில் அரைக் கரண்டி விட்டுப் பார்த்தேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார். மலைக்கிழங்கைத்தான் இன்னும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

27 மார்ச் 2024

வழிகாட்டியிடமிருந்து செய்தி. வாஜிமா சந்தைப் பெண்கள் கனசாவாவின் கனாயிவா துறைமுகத்துக்கு வந்து, 23ஆம் தேதி அங்கே கடை போட்டார்களாம். பெருங்கூட்டம். அவரும் போய்வந்திருக்கிறார். இஷிரு விற்ற பாட்டி வந்திருந்தாரா என்று கேட்டேன். எல்லோரும் பாட்டிகள்தான், குப்பியில் ஒட்டிய தாளைப் படமெடுத்து அனுப்புங்கள், விசாரிக்கிறேன் என்றார். அனுப்பியிருக்கிறேன்.

குப்பியில் இரண்டு விரல் அளவு மீதி இருக்கிறது. கத்தரிக்காய் வாங்கி வந்த மனைவியிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: நீங்கள் அடுத்த மாதம்தானே கிளம்புகிறீர்கள்? கனசாவா உங்கள் வழியில் வருமா? வந்தால் கனாயிவாவில் ஒரு குப்பி எனக்கும் வாங்கி வாருங்கள். பணத்தைத் தந்துவிடுகிறேன். சுற்றுவதற்கு உங்கள் வேட்டியைப் பயன்படுத்த வேண்டாம்.